டங்ஸ்டன் பக்கிங் பார்: இந்தக் குட்டிக் கட்டிக்கு 170 டாலர் குடுக்கலாமா?

கராஜ்ல ஆர்வி-7னு ரெண்டு பேர் போற குட்டி விமானம் ஒண்ணு கட்டிட்டு இருக்கேன், ஒஹாயோவுல. வேன்ஸ் ஏர்கிராஃப்ட்காரங்க கிட்தான். எல்லாரும் மாதிரி நானும் வால்லதான் ஆரம்பிச்சேன், ஹாரிசான்டல் ஸ்டெபிலைசர், வெர்டிகல் ஸ்டெபிலைசர், ரட்டர், எலிவேட்டர்னு வாலோட பாகம் எல்லாம் ஒருவழியா முடிஞ்சுது. இப்ப எழுதப்போறது விமானத்தைப் பத்தி இல்ல, ரிவெட் (தகடுகளைச் சேத்துப் பிடிக்கற ஆணி) அடிக்கறப்ப பின்னாடி பிடிக்கற அந்தக் கட்டியைப் பத்தி. இதுக்கு 170 டாலர் சொச்சம் ஆச்சுன்னு சொன்னப்போ வீட்டுல "ஏங்க, இது என்ன வெள்ளிக் கட்டியா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான்.

தெரியாதவங்களுக்கு: ஒருத்தர் தகடுக்கு வெளிய நின்னு காத்துல ஓடற கன்னை ரிவெட் தலைமேல வச்சு தடதடன்னு அடிப்பாங்க, இன்னொருத்தர் உள்ளபக்கம் ரிவெட் வால்ல ஒரு கனமான உலோகக் கட்டியை அழுத்திப் பிடிப்பாங்க, அந்த வால் நசுங்கி இன்னொரு தலையா மாறும். அந்தக் கட்டிதான் பக்கிங் பார். சாதா பார் இரும்பு, 30-40 டாலருக்குக் கிடைக்கும். என்னோடது டங்ஸ்டன் கலவை, ஒரு அங்குலத்துக்கு ஒரு அங்குலம், நீளம் மூணு அங்குலம், அவ்ளோதான், ஆனா எடை 830 கிராம் பக்கம் வருது. அதே அளவு இரும்புக் கட்டி 400 கிராம்கூட வராது. மொத மொத கைல வாங்கறவங்க எல்லாருக்கும் கை கொஞ்சம் கீழ போகும், பாக்கவே சிரிப்பா இருக்கும்.

கனம் எதுக்குன்னா, கன் அடிக்கற ஒவ்வொரு அடிக்கும் பார் பின்னாடி எகிறும். லேசான பார் நிறைய எகிறும், அடியோட பாதி சக்தி அதுலயே போயிடும், அப்ப இன்னும் ரெண்டு வினாடி கூட அடிக்கணும். இதுல போடற ஏடி ரிவெட்டோ (அலுமினியக் கலவை) அடி வாங்க வாங்க இறுகிட்டே போகும், கடைசில நசுங்காம வளைஞ்சு படுத்துக்கும். டங்ஸ்டன் அசையாம நிக்குது. இரும்புல நான் கன்னுக்கு காத்தழுத்தம் 40 பிஎஸ்ஐ வச்சு அடிச்ச அதே 3/32 அங்குல ஃப்ளஷ் ரிவெட்டை (தலை தகட்டோட மட்டமா உக்கார்றது) இதுல 32-ல அடிச்சேன், அடி எண்ணிக்கையும் குறைஞ்சுது. கன் மெதுவா அடிச்சா கை நம்ம சொன்னபடி நிக்கும், தகட்டுல அந்த அரை நிலா மாதிரி தழும்பு, அதான் ஸ்மைலி, விழறதும் குறையும். எனக்கு இதுல பெரிய லாபமே இதுதான்.

எனக்கு பக்கிங் பார்ட்னரா வந்தது யாருன்னா என் மாமனார். ஆறு மாசம் இங்க வந்து தங்கியிருந்தார். கோயம்புத்தூர்ல லேத் பட்டறை வச்சிருந்தவர், டிவி முன்னாடி உக்காரவே மாட்டார். கராஜுக்கு வந்து ஒரு ரிவெட்டை எடுத்து உருட்டிப் பாத்துட்டு "தறையாணிதானுங்களே மாப்ள, இதுக்கா இவ்ளோ புஸ்தகம்?"ன்னார். மொத நாளு ரெண்டு பாரையும் குடுத்தேன், எது என்ன விலைன்னு சொல்லவே இல்ல. அரைமணி நேரத்துல இரும்பைத் தள்ளி வச்சுட்டார். "இது கைல கிடந்து ஆடுதுங்க, அது உக்காந்த எடத்துல உக்காருது." அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னா, பார் சாஞ்சு இருக்குன்னா அவருக்கு சத்தத்துலயே தெரிஞ்சிரும், நான் ட்ரிக்கரை விடறதுக்குள்ள "நிறுத்துங்க"ன்னுருவார். ஹாரிசான்டல் ஸ்டெபிலைசரோட ஒரு பக்கத் தோலை (மேல மூடற தகட்டை) ரெண்டு சாயங்காலத்துல முடிச்சோம், சரியா வராம துளைச்சு எடுக்க வேண்டியிருந்தது மொத்தம் நாலே ரிவெட்.

இனி குறைகள். இருக்கு.

ஹாரிசான்டல் ஸ்டெபிலைசர் மூக்குப் பக்கம் உள்ள சின்ன ரிப்கள் (உள்ள விலா எலும்பு மாதிரி வர்ற தகடு) இருக்கே, அங்க கை போறதே பெரிய பாடு. கை, பார், அதுக்கும் மேல ரிப் மடிப்பு மூணும் சேந்து அந்த இடத்துல அடங்காது. ஒரு அங்குலத் தடிமன் அங்க அதிகம். கடைசில பழைய இரும்பு பார்ல ஒரு ஒல்லியான துண்டை எடுத்துத்தான் முடிச்சோம். அதனால இதை வாங்கினா இரும்பை வித்துரலாம்னு நினைக்காதீங்க.

ரெண்டாவது, கனமான சாமான் கைதவறினா தகடுக்கு வலிக்கும். ஒரு தடவை நான்தான் பிடிச்சிருந்தேன், மூலை போயி தோல் உள்பக்கம் இடிச்சுது, வெளிய ஒரு பரு மாதிரி கிளம்பிருச்சு. இடது பக்கம், அடிப்பக்கம், பெயின்ட் அடிச்சா தெரியாதுன்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு தெரியுதே. அன்னைலருந்து அடிக்கற முகத்தை மட்டும் விட்டுட்டு மீதி எல்லா ஓரத்துக்கும் எலக்ட்ரிக்கல் டேப் சுத்தி வச்சிருக்கேன். சிமென்ட் தரைல போட்டா மூலை தெறிச்சுரும்னும் சொல்றாங்க, அதனால கீழ ரப்பர் பாய். குளிர்காலத்துல ஹீட்டர் போடாம தொட்டா ஐஸ் கட்டிதான், ஆனா அது எல்லா உலோகத்துக்கும் பொருந்தும்.

மூணாவதுதான் முக்கியம், வாங்கறதுக்கு முன்னாடி யோசிங்க. வால்ல இந்த பாருக்கு நிஜமாவே எவ்ளோ வேலை இருக்கு? ரட்டர், எலிவேட்டர் உள்ள வர்ற ஸ்டிஃப்னர் (தோல் நெளியாம இருக்க வைக்கற பட்டை) எல்லாம் பேக் ரிவெட்டிங், அதாவது தோலைக் கவுத்து இரும்புத் தட்டு மேல வச்சு உள்பக்கத்துலருந்து அடிக்கறது, அதுக்கு பாரே வேண்டாம், ஒரு ஆள் போதும், முடிவும் கண்ணாடி மாதிரி வரும். ஓரமா இருக்கற ரிவெட்கள், பின் ஸ்பார் (நீளவாக்குல போற முதுகெலும்பு) மூடற வரிசை, இதெல்லாம் ஸ்க்வீசர்ல, அதாவது இடுக்கி மாதிரி கருவில, நசுக்கறது. ரட்டர் பின் ஓரம் தனிக் கதை, ஆப்பு வடிவப் பட்டையை நடுவுல வச்சு ரெண்டு தோலையும் ஒட்டி, நீளமான ஆங்கிள்ல நேரா புடிச்சு க்ளெகோ (தற்காலிகமா பிடிச்சு வைக்கற க்ளிப்) போட்டு பசை காஞ்சப்புறம்தான் அடிக்கணும், அதுவும் வரிசையா அடிச்சா ஓரம் வாழைப்பழம் மாதிரி வளையும், பத்து ரிவெட் தாண்டித் தாண்டி, பாதி பாதியாத்தான் அடிக்கணும். இதுலயும் பாருக்கு வேலை இல்ல. ஆக வால்ல பாருக்குன்னு வர்றது ரெண்டு ஸ்டெபிலைசரோட ரிப், முன் ஸ்பார் வரிசைகள் மட்டும்தான். வாலோட நிறுத்திட்டு விங் வாங்கலாமா வேண்டாமான்னு யோசிக்கற ஆளா இருந்தா, இதை வாங்காதீங்க, பக்கத்து ஈஏஏ சாப்டர்ல (வீட்டுல விமானம் கட்டறவங்க சங்கத்தோட உள்ளூர் கிளை) யார்கிட்டயாவது கேட்டா ஒரு மாசத்துக்குத் தருவாங்க. மொதக் காசை நல்ல ஸ்க்வீசர்லயும் நல்ல டிம்பிள் டைலயும் (ரிவெட் தலை உக்கார தகட்டுல குழி அழுத்தற அச்சு) போடுங்க. டிம்பிள் கூர்மையா விழலைன்னா ரிவெட் தலை மேல துருத்திட்டு நிக்கும், அதுக்கு டங்ஸ்டன் என்ன, தங்கத்துலயே பார் செஞ்சு பிடிச்சாலும் உள்ள போகாது.

இதை நான் கத்துக்கிட்டது காசு குடுத்துத்தான். ஆரம்பத்துல ஒரு கடைல "எல்லாம் அடங்கிய செட்"டுன்னு ஒரு பொட்டி வாங்கினேன், பேரு சொல்லல. அதுல வந்த டை ஓரம் சொரசொரன்னு, ப்ராக்டீஸ் தகட்டுல போட்டப்பவே டிம்பிளைச் சுத்தி வட்டமா கோடு விழுந்துச்சு, ரெண்டு இரும்பு பார்ல ஒண்ணோட முகம் மட்டமே இல்ல. திருப்பி அனுப்பக் கேட்டதுக்கு, பிரிச்ச பொட்டியை எடுக்க மாட்டோம்னுட்டாங்க. டங்ஸ்டன் பார் வாங்கினது வேற கடை. முகம் பாலிஷ் போட்டு வந்துச்சு, ஸ்கேல் வச்சுப் பாத்தேன், வெளிச்சம் புகல.

சரியா அடிச்சிருக்கோமான்னு பாக்க ஒரு ரிவெட் கேஜ் வாங்கிக்குங்க. நசுங்கின தலை அகலம் ரிவெட் விட்டத்துல ஒன்றரை மடங்கு, உசரம் பாதி, 3/32-க்கு 0.14 அங்குலம், 0.047 அங்குலம்னு வரும். கொஞ்சம் கோணலா இருந்தா உடனே துளைக்க ஓடாதீங்க, புதுசா கட்டறவங்க நல்ல ரிவெட்டைத் துளைச்சு எடுத்து ஓட்டையைப் பெருசாக்கிக்கறதுதான் ஜாஸ்தி. நானும் அந்த நாலுல ரெண்டை எடுத்திருக்கவே வேண்டாம்.

என்னோட மார்க்கு: விங்கும் கட்டப்போறவங்களுக்கு அஞ்சுக்கு நாலரை, வால் மட்டும்னா மூணு. மாமா ஊருக்குக் கிளம்பிட்டார். அடுத்த வருஷம் வருவாராம், "விங்கை ஆரம்பிச்சு வைங்க, மூடிறாதீங்க"ன்னு போன்ல சொல்லிட்டே இருக்கார். ஸ்பார் பொட்டி இன்னும் பிரிக்கல.