எஸ்டர் தயாரிக்க எந்த அமிலம்? கந்தக அமிலமும் அதன் போட்டியாளர்களும்

கரிம அமிலமும் ஆல்கஹாலும் வினைபுரிந்தால் எஸ்டரும் நீரும் உண்டாகின்றன; வினையை விரைவுபடுத்த ஒரு வலிய அமிலம் வினையூக்கியாகத் தேவை. எஸ்டர் தயாரிப்பு என்றதும் கை தானாக அடர் கந்தக அமிலப் புட்டியைத் தேடுகிறது. செய்முறைக் கையேடுகள் நம்மை அப்படிப் பழக்கியிருக்கின்றன. அந்தப் பழக்கம் எல்லா இடத்திலும் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் எந்த அமிலத்தை எடுப்பது என்பதற்கு முன்பு, உண்டாகும் நீரை என்ன செய்யப்போகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு விடை கிடைத்துவிட்டால் அமிலம் பெரும்பாலும் தானே முடிவாகிவிடும்.

அசெட்டிக் அமிலத்தையும் எத்தனாலையும் சம மோல் அளவில் கலந்தால், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எஸ்டரானதும் வினை சமநிலையில் நின்றுவிடும். சமநிலை மாறிலி சுமார் 4. எந்த வினையூக்கியைச் சேர்த்தாலும் அந்த இடத்துக்கு விரைவாகப் போய்ச் சேரலாமே தவிர, அதைத் தாண்ட முடியாது. தாண்ட இரண்டு வழிகள் உண்டு: ஒரு வினைபடுபொருளை மிகுதியாக எடுப்பது, அல்லது நீரை வெளியேற்றுவது. ஒரு மோல் அமிலத்துக்கு மூன்று மோல் ஆல்கஹால் எடுத்தாலே மாற்றம் சுமார் 90 விழுக்காடு ஆகிவிடுகிறது.

“கந்தக அமிலமே நீரை உறிஞ்சிக்கொள்ளுமே?” என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.2 மோல் அளவில் செய்யும் தயாரிப்பில் ஒரு மில்லிலிட்டர் அடர் அமிலம் சேர்க்கிறோம். அதில் இருப்பது 0.018 மோல் அமிலம்தான். உண்டாகும் நீரோ 0.2 மோலை நெருங்குகிறது. பத்து மடங்குக்கும் மேற்பட்ட நீரை அந்தச் சில துளிகள் எப்படிக் கட்டிவைக்கும்? நீரை உறிஞ்சுவதற்காகவே அமிலத்தை அள்ளி ஊற்றினால், அதன் மற்றக் குணங்களும் கூடவே வந்து சேரும்.

அந்தக் குணங்கள்தான் தொல்லை. அடர் கந்தக அமிலம் ஆக்சிஜனேற்றியும்கூட. கரிமப் பொருளைக் கருக்கும். ஆல்கஹாலிலிருந்து நீரைப் பிடுங்கி ஈதராகவோ ஆல்கீனாகவோ மாற்றும். ஒருமுறை ஐசோஅமைல் ஆல்கஹாலில் இதைக் கலக்காமல் அவசரமாக ஊற்றினேன். அடியில் தேன் நிறத்தில் ஒரு படலம் தங்கியது. சூடாக்கியதும் குடுவை முழுவதும் பழுப்பாகிவிட்டது. வாழைப்பழ மணம் வந்தது உண்மைதான், ஆனால் கிடைத்த எஸ்டர் குறைவு. குடுவையைக் குளிர்நீரில் வைத்து, கலக்கியபடியே துளித்துளியாகச் சேர்த்திருக்க வேண்டும். நீண்ட சங்கிலி ஆல்கஹால்களில் இன்னொரு சிக்கலும் உண்டு: அவை கந்தக அமிலத்தோடு சேர்ந்து அல்கைல் ஹைட்ரஜன் சல்பேட் ஆகின்றன. இது சோப்புத்தூள்களில் இருக்கும் பொருளின் உறவு. பைகார்பனேட் கரைசலால் கழுவும்போது பிரிபுனலில் பால்போல ஒரு குழம்பு உருவாகி, அடுக்குகள் பிரிய மறுக்கும்.

பாரா-டொலுயீன்சல்போனிக் அமிலம் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவற்றைத் தருவதில்லை. வலிமையான அமிலம், ஆனால் கருக்காது, ஆக்சிஜனேற்றாது. திண்மம் என்பதால் தராசில் நிறுத்துப் போடலாம், 0.2 மோல் தயாரிப்புக்கு இரண்டு மோல் விழுக்காடு என்றால் முக்கால் கிராம். முக்கியமாக, சூடான டொலுயீனில் கரைகிறது. அதனால் டீன்-ஸ்டார்க் குழாயோடு இயல்பாகச் சேர்கிறது. டொலுயீனும் நீரும் சேர்ந்து சுமார் 85 டிகிரி செல்சியஸில் ஆவியாகி, குளிர்ந்து, அளவுக்கோடு போட்ட பக்கக் குழாயில் விழுகின்றன. நீர் அடியில் தங்குகிறது, டொலுயீன் வழிந்து குடுவைக்குத் திரும்புகிறது. 3.6 மில்லிலிட்டர் நீர் சேர்ந்துவிட்டதா? 0.2 மோல் வினை முடிந்துவிட்டது. வினை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்க முடிகிற இந்த வசதிக்காகவே நான் இதை முதலில் எடுப்பேன். வழக்கமாகக் கிடைப்பது ஒரு மூலக்கூறு நீரோடு கூடிய படிகம்; எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக நீர் இருக்கும். அதுவும் அந்தக் குழாய்க்கே வந்துவிடும். தோலை அரிக்கும் பொருள் என்பதால் கையுறை கட்டாயம்.

ஆனால் மெத்தில், எத்தில் எஸ்டர்களுக்கு இந்த முறை பொருந்தாது. மெத்தனால் 65 டிகிரியிலேயே கொதித்து, நீருக்கு முன்பாக வெளியேறிவிடும். அங்கே ஆல்கஹாலையே கரைப்பானாக மிகுதியாக எடுப்பதுதான் வழி. பென்சாயிக் அமிலம் போன்ற உறுதியான பொருளுக்குக் கந்தக அமிலத் துளிகளே போதும். பாடநூல்கள் இங்கே சரியாகத்தான் சொல்கின்றன.

ஹைட்ரஜன் குளோரைடு, அமில வினையூக்கியால் எஸ்டர் செய்யும் முறையின் தொடக்கத்திலேயே இருந்த அமிலம். 1895இல் வேதியியலாளர்கள் எமில் ஃபிஷரும் ஆர்தர் ஸ்பையரும் பயன்படுத்தியவற்றுள் அதுவும் ஒன்று. வாயுவைச் செலுத்த வேண்டியதில்லை. குளிர்ந்த மெத்தனாலில் அசெட்டைல் குளோரைடைச் சொட்டுச்சொட்டாக விட்டால் அங்கேயே உருவாகிவிடும். வேலை முடிந்ததும் கரைப்பானோடு ஆவியாகிப் போய்விடுவதால் அமினோ அமிலங்களின் மெத்தில் எஸ்டர்களுக்கு மிகவும் ஏற்றது. நீரில் கழுவினால் கரைந்து போய்விடும் பொருள்கள் அவை.

பாஸ்பாரிக் அமிலம் கருக்காது, ஆனால் மெதுவாக வேலை செய்யும். பொறுமை இருந்தால் எடுக்கலாம்.

சல்போனிக் அமிலம் பிணைந்த பிசின் மணிகள் வேறு வகை. ஆம்பர்லிஸ்ட்-15 என்னும் அத்தகைய பிசினின் ஒரு கிராமில் சுமார் 4.7 மில்லிமோல் அமிலம் இருக்கிறது. வினை முடிந்ததும் வடிகட்டினால் போதும். நடுநிலையாக்கவும் கழுவவும் தேவை பெரும்பாலும் இல்லை. மணிகளை மீண்டும் பயன்படுத்தலாம். ஒரே எஸ்டரைத் திரும்பத் திரும்பச் செய்பவருக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. ஆனால் 120 டிகிரிக்கு மேல் சூடாக்கக்கூடாது. ஐசோஅமைல் ஆல்கஹால் 131 டிகிரியில் கொதிப்பது. நீர் வெளியேறியபின் குடுவை அந்த எல்லையைத் தாண்டக்கூடும். நீர் மணிகளின் வேகத்தைக் குறைக்கும். காந்தக் கலக்கி மணிகளை அரைத்துத் தூளாக்கிவிடும், பிறகு வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும். மெதுவாகச் சுழலவிடுங்கள், அல்லது மேலிருந்து கலக்குங்கள்.

மூவிணைய பியூட்டைல் ஆல்கஹால் போன்றவற்றில் இந்த வலிய அமிலங்கள் எதுவும் நன்றாக உதவாது. சூடாக்கினால் ஐசோபியூட்டிலீன் வாயுவாகப் பறந்துவிடும். 1978இல் வேதியியலாளர் ஸ்டெக்லிக் காட்டிய வழியில், நீரைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும் டைசைக்ளோஹெக்சைல்கார்போடைஇமைடையும் வினையூக்கியாகச் சிறிதளவு டைமெத்தில்அமினோபிரிடினையும் கொண்டு அறை வெப்பத்திலேயே செய்யலாம். அந்த வழியில் பிரியும் டைசைக்ளோஹெக்சைல்யூரியா என்னும் வெள்ளைப் படிவைக் குளிரவைத்து வடிகட்டுவதற்கு மட்டும் நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.