பாத்ரூம் கண்ணாடி லைட்டுக்கு ₹7,850 கட்டி ஷாக் வாங்கிய கதை

மதுரையில் வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஆப்பில் எலக்ட்ரீஷியன் புக் பண்ணப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பண்ணுங்கள். எந்த ஆப் என்று இப்போது எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. கோபத்தில் முன்பின்னாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலை சின்னது. வில்லாபுரம் வீட்டில் வாஷ்பேசின் கண்ணாடிக்கு மேலே ஒரு லைட், பக்கத்தில் டிரிம்மர் போட ஒரு பிளக் பாயிண்ட். சாமானும் அவர்களே கொண்டுவருவார்கள் என்று போட்டிருந்தது. கூலி, சாமான் எல்லாம் சேர்த்து ₹7,850.

வந்த பையன் செருப்பை வாசலிலேயே விட்டான். மெயினை ஆஃப் பண்ணி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தான். பார்க்கிற யாருக்கும் நம்பிக்கை வரும். லைட்டை மாட்டி மெயினைப் போட்டதும் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் தானே வெட்டுகிற ட்ரிப்பர்) டப்பென்று விழுந்தது. தூக்கிவிட்டான், திரும்பவும் விழுந்தது. ஸ்டூலைப் போட்டு போர்டில் என்னவோ மாற்றினான். அப்புறம் விழவில்லை. "பழைய ட்ரிப்பர்க்கா, சும்மா சும்மா விழும். இப்ப சரியாயிருச்சு, நூறு வருசத்துக்குக் கவலை இல்ல" என்றான். காபி கொடுத்து, ஐந்து ஸ்டாரும் போட்டு அனுப்பினேன்.

மறுநாள் காலையில் அம்மா முகம் கழுவிவிட்டு ஈரக்கையோடு கண்ணாடியைத் துடைக்கப் போனார். லைட்டின் இரும்புச் சட்டத்தில் விரல் பட்டதுதான் தாமதம், பின்னால் சுவரில் போய் மோதினார். லைட் அப்போது எரியக்கூட இல்லை. காலில் ரப்பர் செருப்பு இருந்தது, மீனாட்சி புண்ணியம்.

தெரு முனையில் இருக்கும் வயர்மேன் அண்ணனைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னோம். பேஸ் வயர், அதாவது கரண்ட் வரும் வயர், ஸ்க்ரூவுக்கு அடியில் நசுங்கி, சட்டத்தில் பட்டுக்கொண்டிருந்தது. ஆர்சிசிபி விழுந்ததற்குக் காரணமே அதுதான். ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே லைனை வெட்டிவிடும். அதன் வேலையை அது ஒழுங்காகச் செய்திருக்கிறது. இந்தப் புண்ணியவான் கசிவைத் தேடாமல் பச்சை எர்த் வயரை வெட்டி உள்ளே திணித்துவிட்டு, பேஸ், நியூட்ரல் இரண்டையும் கசிந்தாலும் ஆர்சிசிபி விழாதபடி அதற்கு முன்னாலிருந்தே எடுத்துக் கொடுத்திருக்கிறான். சுவிட்ச் வேறு பேஸில் இல்லாமல் நியூட்ரலில். ஆஃப் பண்ணினாலும் 230 வோல்ட் அங்கேயே நிற்கும். லைட்டும் ஹாலில் மாட்டுகிற லைட், தண்ணீர் தெறிக்கும் இடத்துக்கு ஆகாது. இதற்குத்தான் ₹7,850!

கம்ப்ளெயின்ட் கதையைக் கேளுங்கள். சாட்டில் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்". மனிதர் பேசுகிறாரா மெஷினா என்றே தெரியவில்லை. போட்டோ கேட்டார்கள், அனுப்பினேன். கம்ப்ளெயின்ட்டை முடித்துவிட்டார்கள். திரும்பக் கேட்டால், வெளியாள் திறந்ததால் வாரன்டி போச்சாம். ஷாக் அடிக்கிற லைட்டை மூடியே வைத்திருக்க வேண்டுமா? அந்தப் பையன் போன் ஸ்விட்ச் ஆஃப். கடைசியில் ₹200 கூப்பன் தருகிறார்களாம். போனது ₹7,850, அம்மாவுக்குத் தோள்பட்டை வீக்கம் தனி.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிந்தாச்சு. பணம் வராவிட்டால் நுகர்வோர் ஆணையம்தான். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரைக்கும் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது.

இதே மாதிரி ஆள் வைத்து வேலை செய்துகொண்டவர்கள் உடனே ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். புது லைட்டும் சேர்ந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் ஆர்சிசிபியைத் தாண்டி லைன் எடுத்து பைபாஸ் பண்ணியிருக்கிறார்கள், மெயினை ஆஃப் பண்ணிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பாத்ரூம் லைட் என்றால் அட்டையில் ஐபி44 (தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பதற்கான குறி) அல்லது அதற்கு மேல் இருக்கிறதா பாருங்கள். எர்த் மாட்டினதைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். பில் கேளுங்கள். மிச்சத்தை அப்புறம் எழுதுகிறேன், வயர்மேன் அண்ணன் சாமான் லிஸ்ட்டோடு வாசலில் நிற்கிறார்.