ஏகாம்பரம் வீதி மாடி வகுப்பு: கொடுத்த வாக்கை யார் கேட்பது?

திருகோணமலையில் சட்டம் படிக்கிறவர்களுக்கான மாலை வகுப்புகள் பெரும்பாலும் கடந்தகால வினாத்தாளைச் சுற்றியே ஓடும். ஏகாம்பரம் வீதியில் ஒரு கடையின் மேல்மாடியில், சனிக்கிழமை பின்னேரங்களில் நடக்கும் இந்தக் குறும்பாடநெறி வேறு மாதிரி. எடுத்துக்கொண்டது ஒரே ஒரு விடயம். குற்றத்தில் பங்கெடுத்த ஒருவர் மற்றவர்களைக் காட்டிக்கொடுத்து அரசுக்கு உதவினால் தண்டனையைக் குறைக்கிறோம் என்று வழக்குத்தொடுநர் வாக்குக் கொடுக்கிறார். பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை. அப்போது நீதிபதி தலையிடலாமா? நடத்துபவர் இங்கே நீண்டகாலமாகக் குற்றவியல் வழக்குகள் பேசிவரும் ஒரு மூத்த சட்டத்தரணி. முழுப் பாடநெறிக்கும் கட்டணம் 6,000 ரூபாய்.

நான் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். போதைப்பொருள் வழக்கில் பிள்ளை உள்ளே இருக்கும் அம்மாமார் எங்கள் வாங்கில் வந்து உட்கார்ந்து முதலில் கேட்பது பிணையைப் பற்றி. அடுத்தது, “என்ட மகன் தெரிஞ்சதெல்லாம் சொல்லிப்போட்டான் பிள்ள, விடுறம் எண்டு சொன்னவங்களாம். விடுவாங்களோ?” யார் சொன்னது, எப்போது சொன்னது, எதிலாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது. இந்தக் கேள்வியோடுதான் நான் வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பு எனக்குப் பிடித்துப்போனதற்கும் காரணம் அதுதான்.

பாடம் அமெரிக்காவில் தொடங்குகிறது. இங்கே இருப்பவர்களுக்கு அது எதற்கு என்று சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது சரியான தொடக்கமாகவே பட்டது. ஏனென்றால் அங்கே இந்த வாக்குறுதிகளை எழுத்தில் ஒப்பந்தமாகவே போடுகிறார்கள், அவை மீறப்படும்போது வழக்காகவும் வருகின்றன. முதலில் சேர் கையில் தந்தது 1971ஆம் ஆண்டின் சன்டொபெல்லோ எதிர் நியூயோர்க் தீர்ப்பு. சூதாட்ட வழக்கு ஒன்றில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், சிறிய குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். தண்டனை பற்றி நாங்கள் எந்தச் சிபாரிசும் செய்யமாட்டோம் என்பது வழக்குத்தொடுநர் கொடுத்த வாக்கு. மாதங்கள் ஓடிவிட்டன, தண்டனை நாளில் நின்றது வேறொரு வழக்குத்தொடுநர். அவர் அதிகபட்சமான ஒரு வருடத்தைக் கேட்டார். நீதிபதியோ, அந்தச் சிபாரிசு தன்னைக் கொஞ்சமும் அசைக்கவில்லை என்று சொல்லியே அந்த ஒரு வருடத்தைக் கொடுத்தார். ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்ததில் அந்த வாக்குக்குக் கணிசமான பங்கு இருந்தால் அதைக் காப்பாற்றியே ஆகவேண்டும், கொடுத்தவர் மாறிப்போனார் என்பது சாட்டு ஆகாது என்று தலைமை நீதியரசர் வொரன் பேர்கர் எழுதினார். பரிகாரம் என்ன என்பதைத் தீர்மானிக்க வழக்கு கீழே திருப்பி அனுப்பப்பட்டது: வேறு நீதிபதி முன் புதிதாகத் தண்டனை விதிப்பதா, அல்லது ஒப்புக்கொண்டதையே மீளப்பெற விடுவதா.

இதைப் படித்து முடித்தவுடன் வகுப்பில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்தது. அப்புறம் சேர் வேட் வழக்கை எடுத்தார். 1992.

வேட் எதிர் ஐக்கிய அமெரிக்கா தீர்ப்பில்தான் இந்தப் பாடநெறியின் உயிர் இருக்கிறது. சேரும் அதில் அவசரப்படவில்லை. வேடின் வீட்டில் பொலிஸார் 978 கிராம் கொக்கெயின் எடுத்தார்கள். அவர் தகவல் கொடுத்து, அதனால் இன்னொரு வியாபாரி பிடிபட்டார். அங்கே போதைப்பொருள் குற்றங்களுக்குச் சட்டம் குறைந்தபட்ச தண்டனை வைத்திருக்கிறது. அதற்குக் கீழே இறங்க நீதிபதி விரும்பினால், இவர் கணிசமாக உதவினார் என்று அரசு முதலில் மனுப் போடவேண்டும். அரசு போடவில்லை. வேடுக்குக் கிடைத்தது 180 மாதங்கள். உயர் நீதிமன்றம் ஏகமனதாகச் சொன்னது இதுதான்: மனுப் போடுவது அரசின் தற்றுணிபு, அதாவது தானே தீர்மானிக்கும் அதிகாரம், கடமை அல்ல. ஆனால் அந்தத் தற்றுணிபுக்கும் எல்லை உண்டு. எதிரியின் இனம், மதம் போன்ற அரசியலமைப்புக்கு முரணான காரணத்துக்காக மறுத்திருந்தாலோ, நியாயமான எந்த அரச நோக்கத்தோடும் தொடர்பில்லாமல் மறுத்திருந்தாலோ நீதிமன்றம் பார்க்கலாம். அதற்கும் முதல் எதிரி கணிசமான ஆரம்ப ஆதாரம் காட்டவேண்டும். “நான் நிறைய உதவினேன்” என்பது மட்டும் போதாது. அப்படியான உள்நோக்கம் இருந்ததென்று வெறுமனே சொல்வதும் போதாது.

வேடிடம் எழுதிய ஒப்பந்தம் எதுவும் இல்லை. இருந்திருந்தால்? அடுத்த வகுப்பு முழுவதும் இந்தக் கேள்விதான். நான் கட்டிய காசு அந்த ஒரு பின்னேரத்திலேயே எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. அத்தகைய ஒப்பந்தங்களில் வழமையாக வரும் ஒரு வாசகத்தைச் சேர் தமிழாக்கி, பெரிய எழுத்தில் ஒரு தாளில் போட்டோகொப்பி எடுத்து எல்லோருக்கும் தந்தார். எதிரி உண்மையாகவும் முழுமையாகவும் ஒத்துழைப்பார், அந்த ஒத்துழைப்பு கணிசமானதா என்பதையும் மனுப் போடுவதா என்பதையும் அரசு தன் தனியான தற்றுணிபில் தீர்மானிக்கும். இவ்வளவுதான் அதில் இருந்தது. பிறகு எங்களை மூன்றாகப் பிரித்தார்: அரச சட்டவாதிகள், எதிரியின் சட்டத்தரணிகள், நீதிபதிகள். கிண்ணியாவிலிருந்து வரும் நானா ஒருவர் எதிரி தரப்பில் இருந்தார். தாளை இரண்டு தரம் வாசித்துவிட்டு எழும்பி, “சேர், இதில அவங்க ஒண்டும் தாறதாச் சொல்லவே இல்லையே. பிறகு இவர் என்னத்துக்கு வாயத் திறந்தார்?” என்று கேட்டார்.

சேர் சிரிக்கவில்லை, திருத்தவுமில்லை. அதையே பலகையில் எழுதினார். அதிலிருந்துதான் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றங்கள் இரண்டு வழியாகப் பிரிந்ததை விளக்கினார். அங்கே பிராந்தியத்துக்கு ஒன்றாக இருக்கும் இவற்றைச் சுற்று நீதிமன்றங்கள் என்பார்கள். ஒரு பக்கம் இரண்டாம், மூன்றாம் சுற்று நீதிமன்றங்கள். இத்தனை பெரிய தற்றுணிபை எழுதி வைத்திருந்தாலும் அது ஒப்பந்தம்தான், எந்த ஒப்பந்தத்திலும் நல்லெண்ணத்தோடு நடக்கும் கடமை உள்ளடங்கும், ஆகவே அரசு உண்மையிலேயே திருப்தியில்லாமல்தான் மறுத்ததா, வேறு ஏதாவது காரணத்துக்காக மறுத்ததா என்று நீதிபதி பார்க்கலாம் என்பது அவற்றின் நிலைப்பாடு. மூன்றாம் சுற்றின் 1998ஆம் ஆண்டு ஐசக் தீர்ப்பு இதற்கு நல்ல உதாரணம். மற்றப் பக்கம், வாசகம் அப்படி எழுதப்பட்டிருந்தால் வேட் சொன்ன குறுகிய எல்லைக்கு வெளியே போகமுடியாது என்கிற நீதிமன்றங்கள். ஒரே நாடு, ஒரே வாசகம். எந்த ஊரில் பிடிபட்டீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் கேள்வி கேட்கப்படும், அல்லது கேட்கப்படாது.

இந்த இடத்தில் சேரோடு எனக்குக் கருத்து வேறுபாடு. வேட் வைத்த ஆரம்ப ஆதாரம் என்ற வாசல் நியாயமானது, இல்லாவிட்டால் தண்டனை பெறும் ஒவ்வொருவரும் வழக்குத்தொடுநரைக் கூண்டில் ஏற்றப் பார்ப்பார்கள் என்பது அவர் வாதம். ஆனால் ஏன் மறுத்தார்கள் என்ற விபரம் முழுக்க அரசின் கோவைக்குள் இருக்கிறது. அந்தக் கோவையைப் பார்க்க உரிமை கேட்கிறவரிடமே, முதலில் அதில் என்ன இருக்கிறது என்று காட்டு என்பது எப்படி நியாயமாகும்? இதே சுமையைத் திருகோணமலைக்காரர்கள் வேறொரு சட்டத்தில் கண்டிருக்கிறோம். சாதாரண வழக்கில் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, அதிகாரத்தில் இருப்பவர் தூண்டியோ மிரட்டியோ வாக்குக் கொடுத்தோ பெற்ற குற்றவொப்புதலை ஏற்காது. 25ஆம் பிரிவின்படி பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்ததே ஏற்கப்படாது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இதை மாற்றி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கோ அதற்கு மேற்பட்டவருக்கோ கொடுத்த வாக்குமூலத்தை உள்ளே எடுத்தது. அது மிரட்டலாலோ வாக்குறுதியாலோ பெறப்பட்டது என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பை எதிரியின் தலையில் வைத்தது. பூட்டிய அறைக்குள் என்ன நடந்தது என்பதை உள்ளே அடைபட்டிருந்தவரே நிரூபிக்கவேண்டும். இரண்டும் ஒரே சட்டமல்ல, ஒரே கொடுமையுமல்ல, அது எனக்குத் தெரியும். ஆனால் பொறுப்பை யார்மேல் வைக்கிறோம் என்பதில்தான் வழக்கின் முடிவே இருக்கிறது என்பதை எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. வகுப்பில் இதைச் சொன்னேன். சேர் கொஞ்ச நேரம் வாதாடிவிட்டு, அடுத்த வாரம் அதையே எல்லோருக்கும் கட்டுரைத் தலைப்பாகத் தந்தார். தன்னோடு முரண்படுகிறவருக்கு இடம் கொடுக்கும் ஆசிரியர் கிடைப்பது லேசில்லை.

வாக்கு மற்றத் திசையிலும் வெட்டும் என்பதற்கு 1987ஆம் ஆண்டின் ரிக்கெட்ஸ் எதிர் அடம்சன் வழக்கையும் படித்தோம். அரிசோனாவில் ஒரு பத்திரிகையாளரின் கொலை. எதிரி மற்றவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னார், குறைந்த தண்டனையும் பெற்றார். மற்றவர்களின் தீர்ப்பு மேன்முறையீட்டில் ரத்தாகி, திரும்ப விசாரணை வந்தபோது, நான் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டேன் என்று மறுத்தார். ஒப்பந்தத்தை மீறியவர் அவர்தான் என்றாகி, அதே கொலைக்குத் திரும்பவும் விசாரிக்கப்பட்டு, மரண தண்டனை வரை போனது. உயர் நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் தோற்றார். எழுத்தில் இருப்பதும் முழுப் பாதுகாப்பல்ல என்று அன்றைக்கு விளங்கியது.

இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சேர் சீக்கிரமாகக் கடந்துவிட்டார். எழுத்து ஒப்பந்தம் போட்டு உதவியவருக்கு எவ்வளவு குறைப்பது என்பதை அங்கே நீதிபதியே எடைபோடுகிறார். எனக்கு அதுதான் நியாயமான முறையாகத் தெரிகிறது, இன்னும் ஒரு மணித்தியாலம் கொடுத்திருக்கலாம்.

இனிக் குறைகள். பெரிய குறை, இலங்கைப் பகுதி கடைசியில் ஒதுங்கிக் கிடப்பது. எங்கள் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் சட்டமா அதிபர் நிபந்தனையோடு மன்னிப்புக் கொடுத்து உடந்தையாளியை அரச சாட்சியாக்க முடியும். அறிந்த அனைத்தையும் உண்மையாக வெளிப்படுத்தவேண்டும் என்பது நிபந்தனை. மறைத்தால் பழைய குற்றத்துக்கே வழக்கு. உடந்தையாளி சாட்சி சொல்லத் தகுதியானவர் என்கிறது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு. வேறு சான்றால் உறுதிப்படாவிட்டால் அவரை நம்பத்தகாதவர் என நீதிமன்றம் ஊகிக்கலாம் என்கிறது 114ஆம் பிரிவின் உதாரணம். சட்டமா அதிபரின் தற்றுணிபை நீதிமன்றம் கேள்வி கேட்கலாமா என்பதற்கு 1998ஆம் ஆண்டின் விக்டர் ஐவன் எதிர் சரத் சில்வா வழக்கு இருக்கிறது. அந்த அதிகாரம் கேள்விக்கு அப்பாற்பட்டதல்ல என்று எங்கள் உயர் நீதிமன்றம் அதில் ஏற்றுக்கொண்டது. இத்தனையும் கடைசி வகுப்பின் கடைசிப் பாதியில் திணிக்கப்பட்டது. மூதூர்ப் பிள்ளைகள் பஸ்ஸைப் பிடிக்க அதற்கு முதலே எழும்பிப் போய்விட்டார்கள். எங்கள் அம்மாமாருக்குப் பதில் சொல்ல எனக்கு மிகவும் தேவைப்பட்ட பகுதி அதுதான். அதை முன்னுக்குக் கொண்டுவரவேண்டும்.

குறிப்புகளும் சரியில்லை. கொப்பிக்குக் கொப்பி எடுத்து எடுத்து, ஆங்கிலத் தீர்ப்புகளின் அடிக்குறிப்புகள் வெறும் கறுப்புக் கோடாகிவிட்டன. சேரின் கையெழுத்துத் தமிழ்ச் சுருக்கம் மட்டும் தெளிவாக இருக்கிறது. மாடிப்படி செங்குத்து, கைபிடி ஒரு பக்கம்தான், முழங்கால் நோவுள்ளவர்களுக்குக் கஷ்டம். மலசலகூடச் சாவியைக் கீழே கடைக்காரரிடம் கேட்டு வாங்கவேண்டும், பெண்களுக்கு அது சங்கடம். மின்விசிறி பலமாகச் சுற்றினால் பின்வரிசைக்குச் சேரின் குரல் கேட்காது.

இத்தனைக்குப் பிறகும் நான் போகச் சொல்வேன். சட்டக்கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கு மாதிரி விடை தேடுபவர்களுக்கு இது உதவாது. நீதிமன்ற அலுவலகங்களில் வேலை செய்பவர்கள், குற்றவியல் பக்கம் போக நினைக்கும் இளம் சட்டத்தரணிகள், சிறைக்கைதிகளின் குடும்பங்களோடு வேலை செய்யும் அமைப்புகளில் இருப்பவர்கள் கட்டாயம் போகவேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. விடுவதாகச் சொன்னார்கள் என்று யாராவது வந்தால், சொன்னவரின் பதவி, திகதி, இடம், பக்கத்தில் நின்றவர்கள் யார் என்று அன்றைக்கே கேட்டு எழுதி, கோவையில் முதல் தாளாக வைக்கிறேன். எங்கள் சட்டத்தரணி அதை வைத்துத்தான் இப்போது பேச்சைத் தொடங்குகிறார்.

அடுத்த பிரிவுக்குப் பெயர் பதிகிறார்கள். சேருவதானால் முதல் நாளே இரண்டு விடயம் கேளுங்கள்: மூதூர், கிண்ணியாக்காரருக்காக வகுப்பை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தொடங்கச் சொல்லி, இலங்கைப் பகுதியை இரண்டாம் வாரத்துக்கு எடுக்கச் சொல்லி. கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டலாம், தயங்காமல் கேட்டால் சம்மதிக்கிறார்.