கால் படாத தெருவும் கால் வலிக்கும் தெருவும்

நல்ல நகரத் தெரு என்றால் எப்படி இருக்க வேண்டும்? இத்தாலியில் இரண்டு பழைய ஓவியங்கள் இந்தக் கேள்விக்கு நேர் எதிரான பதில்களைச் சொல்கின்றன.

ஒன்று உர்பினோ நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பலகையில் தீட்டியது. தீட்டியவர் யார் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நடுவில் வட்டமாக ஒரு கட்டடம், இரு பக்கமும் நூல் பிடித்தாற்போல் மாளிகைகள், தரையெங்கும் கட்டம் கட்டமாகப் பதித்த கல். ஆள் நடமாட்டம் அறவே இல்லை. உற்றுப் பார்த்தால் ஓரிரு புறாக்கள் தெரியும். நடுக் கட்டடத்தின் கதவு ஒருக்களித்துத் திறந்திருக்கும், யாரோ இப்போதுதான் உள்ளே போன மாதிரி. உயிர் என்று சொல்ல அவ்வளவுதான்.

மற்றொன்று சியனா நகரின் அரசு மாளிகைச் சுவரில். அம்ப்ரோஜியோ லொரென்செட்டி 1338–39-இல் வரைந்தது. இங்கே தெரு நிறைய ஜனங்கள். செருப்புக் கடையில் வியாபாரம் நடக்கிறது, ஒருவர் பாடம் நடத்துகிறார், கழுதைகள் பொதி சுமந்து வருகின்றன, சிலர் கைகோத்து ஆடுகிறார்கள். மேலே சாரத்தில் நின்றபடி கொத்தனார்கள் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இதுவும் விளம்பரம்தான், சந்தேகமே வேண்டாம். அந்த ஊரை ஆண்ட ஒன்பது பேர் கொண்ட அவை, 'எங்கள் ஆட்சியில் ஊர் இப்படி இருக்கும்' என்று காட்ட வரையச் சொன்னது. எதிர்ச் சுவரில் கெட்ட ஆட்சியின் ஊர் பாழடைந்து கிடக்கிறது.

இரண்டும் கற்பனை. ஆனால் ஒன்றில் ஊர் கட்டி முடிந்துவிட்டது, மற்றதில் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அழகுபடுத்திய தெருப் படங்களில் அழுக்கைத்தான் மறைக்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் பார்த்த வரையில் முதலில் மறைவது வேலை. அதைச் செய்கிறவர்கள் மறைந்ததும் அவர்களுடைய துடைப்பம், வண்டி, குப்பை, சத்தம் எல்லாம் தானாகவே மறைந்துவிடுகின்றன. இந்த ஒரு கோணத்தில் மட்டும் படத்தையும் தெருவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

ஓவியன் கற்பனை செய்வான், கேமரா பொய் சொல்லாது என்கிறீர்களா? 1838-இல் புகைப்படக் கலையின் முன்னோடி டகேர் தன் ஜன்னலிலிருந்து பாரிஸின் புலவார் துய் டாம்பிள் என்ற தெருவைப் படம் எடுத்தார். வண்டிகளும் ஜனங்களும் இடைவிடாமல் போய்வரும் தெரு. படத்தில் அது வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒளி பதியப் பல நிமிடங்கள் பிடித்த காலம் அது. அசைந்த எதுவும் தகட்டில் நிற்கவில்லை. தப்பிப் பதிந்தது, இன்னொருவரிடம் பூட்ஸுக்குப் பாலிஷ் போடச் சொல்லிக் காலை நீட்டி நின்ற ஒரு மனிதர். அடுத்த ஆண்டு அதை நேரில் பார்த்த சாமுவேல் மோர்ஸ் (ஆமாம், தந்தி மோர்ஸ்தான்) ஒரு கடிதத்தில் வேடிக்கையாகக் குறிப்பிட்டார்: அந்த மனிதரின் பூட்ஸும் கால்களும் தெளிவாக இருக்கின்றன, தலையும் உடம்பும் அசைந்ததால் காணோம் என்று. குனிந்து பாலிஷ் போட்டவரோ வெறும் கருப்புத் திட்டு. மனிதர் தெரியும் முதல் புகைப்படம் என்று பெயர் வாங்கிய படத்தில், வேலை வாங்கியவரின் காலாவது பதிந்தது. வேலை செய்தவர் கலங்கிப்போனார். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, தொழில்நுட்பம் அப்படி. ஆனாலும் எனக்கு அந்தத் திட்டு மறக்கவில்லை.

சரி, இன்றைக்கு வருவோம். புதுக் கட்டடம் எழும்பும் இடத்தைச் சுற்றித் தகர வேலி போட்டு, அதில் பெரிதாக ஒரு கணினிப் படம் ஒட்டியிருப்பார்களே, அதன் முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். எப்போதும் இளமாலை வெயில். மரங்கள் அத்தனையும் இருபது வருடம் வளர்ந்தவை. கட்டடம் திறக்கும் நாளில் அங்கே நிற்கப்போவது, குச்சியில் கட்டிவைத்த கன்று. ஒரு குழந்தை பலூன் பிடித்திருக்கிறது. ஒரு இளைஞர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார், ஏறி ஓட்டுவதில்லை. இந்த ஆட்கள் எல்லாம் தயாராக வெட்டி வைத்த படங்களிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டவர்கள் என்பதால், சில சமயம் அதே பெண்மணி அதே கைப்பையோடு இரண்டு மூலைகளில் நடந்துகொண்டிருப்பார். தேடிப் பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு.

காகிதக் கோப்பையைவிடக் கனமான எதையும் அங்கே யாரும் தூக்குவதில்லை. யாரும் எதற்காகவும் காத்திருப்பதும் இல்லை. மின்சாரப் பெட்டி, ஏசியின் வெளிப்புற யூனிட், மழைநீர்ச் சல்லடை எதுவும் கண்ணில் படாது. தரைத்தளம் முழுக்கப் பளபளக்கும் கண்ணாடிக் கடைகள். அந்தக் கடைகளுக்குச் சாமான் எந்த வழியாகப் போகும்? லாரி எங்கே நிற்கும்? இந்தக் கேள்விக்குப் படத்தில் விடை இருக்காது. விடை பின்பக்கத்தில் இருக்கிறது, பின்பக்கத்தை யாரும் வரைவதில்லை. கட்டி முடித்தபின் பாருங்கள், கண்ணாடியின் பாதி உள்ளேயிருந்து அலமாரி வைத்து மறைக்கப்பட்டிருக்கும். கடைக்காரருக்குச் சுவர் வேண்டும், படம் போட்டவருக்குக் கண்ணாடி வேண்டும்.

மேலிருந்து பார்க்கும் படங்கள் இன்னொரு ரகம். கட்டடக் கலைஞர் லெ கொர்புசியர் 1925-இல் பாரிஸின் நடுப்பகுதியை இடித்துவிட்டு அறுபது மாடிக் கோபுரங்கள் பதினெட்டு நிறுத்தலாம் என்று மாதிரி செய்து காட்டினார். நல்லவேளை, மாதிரியோடு நின்றது. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸுக்காக நார்மன் பெல் கெட்டஸ் உருவாக்கிய மாதிரி நகரத்தில் 1960-ஆம் வருடத்தைக் காட்டினார்கள். ஐம்பதாயிரம் குட்டிக் கார்கள், அதில் பத்தாயிரம் ஓடிக்கொண்டே இருந்தன. பார்வையாளர்கள் நகரும் நாற்காலியில் உட்கார்ந்து கீழே குனிந்து பார்த்தார்கள். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் எந்தத் தெருவும் அழகுதான். ரோட்டைக் கடக்க வேண்டியதில்லையே.

கட்டியே பார்த்ததும் உண்டு. 1960 ஏப்ரலில் திறந்த பிரேசிலின் புதுத் தலைநகர் பிரசிலியா, வரைபடத்தில் சிறகு விரித்த பறவை மாதிரி இருக்கும். லூசியோ கோஸ்டாவின் திட்டப்படி குடியிருப்புப் பகுதிக் கடைகள் வீடுகளின் தோட்டப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். சாலைப் பக்கம் சாமான் இறக்கும் பின்வாசல். கடைக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், வாசலைச் சாலைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். ஜனங்கள் அந்தப் பக்கமாகத்தானே வருகிறார்கள்! நகரத்தைக் கட்டிய தொழிலாளர்களுக்கோ அந்தப் பறவைக்குள் போதுமான இடமில்லை. திறப்பு விழாவுக்கு முன்பே, 1958-இல், அவர்களுக்காக டகுவாடிங்கா என்ற துணை நகரம் தனியாக உருவாகிவிட்டது.

படத்தை அப்படியே நிஜமாக்கி வெற்றி கண்ட இடம் ஒன்று உண்டென்றால் அது டிஸ்னி கேளிக்கைப் பூங்காவின் 'மெயின் ஸ்ட்ரீட்'. 1955-இல் கலிஃபோர்னியாவில் திறந்தது. மேல்மாடிகளைக் கீழ்த்தளத்தைவிடச் சிறிதாகக் கட்டி, கண்ணை ஏமாற்றி, கட்டடங்களை உயரமாகத் தெரியவைத்தார்கள். 1971-இல் ஃபுளோரிடாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அங்கே பார்வையாளர்கள் நடக்கும் தெரு உண்மையில் இரண்டாம் தளம். தரைமட்டத்தில் சுரங்கப்பாதைகள் ஓடுகின்றன. ஊழியர்களும் சாமான்களும் அதற்குள் போய்வருவார்கள், குப்பையைக் குழாய் வழியாகக் காற்றால் உறிஞ்சி எடுப்பார்கள். அழகான தெரு வேண்டும் என்றால் அதற்கடியில் இன்னொரு தெரு வேண்டும் என்பதை இதைவிட வெளிப்படையாக யாரும் ஒப்புக்கொண்டதில்லை. சாதாரண நகரத்தில் இரண்டும் ஒரே தரையில் ஓடுகின்றன. நாம் 'நெரிசல்' என்பது பாதி அதைத்தான்.

நிஜத் தெருவுக்கு ஒரே முகம் கிடையாது. விடியுமுன் கூட்டுகிறவருடைய தெரு. அப்புறம் ஷட்டர் தூக்கும் சத்தம், பள்ளிக்கூடப் பைகள், பாதிச் சாலையை அடைத்து நிற்கும் லாரி. நண்பகலில் நிழல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மட்டும் கூட்டம். நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் நியூயார்க்கின் ஹட்சன் தெருவில் தன் வீட்டு வாசல் முன் ஒரு நாள் நடப்பதை எழுதியபோது, தான் குப்பைத் தொட்டியை வெளியே வைப்பதிலிருந்துதான் தொடங்கினார். அந்த வருணனைக்கு ஒரு படம் போதாது, ஒரு நாள் வேண்டும். வில்லியம் வைட் அதே ஊரில் கேமராக்களைப் பொருத்தி, சதுக்கங்களில் ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று மணிக்கணக்கில் படம் எடுத்து ஆராய்ந்தார். பேச நிற்பவர்கள் ஓரமாக ஒதுங்குவார்கள் என்று நினைப்போம். கூட்டம் நகரும் பாதையின் நட்டநடுவில்தான் நின்றார்கள். நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால், உட்காருமுன் அதை ஓரிரு அங்குலமாவது நகர்த்தினார்கள், காரணமே இல்லாமல். எந்தக் கணினிப் படத்திலும் யாரும் நாற்காலியை நகர்த்தி நான் பார்த்ததில்லை.

அதற்காக நிஜத் தெருவைத் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டாம். கைத்தடி ஊன்றி நடப்பவருக்கு நடைபாதை விளிம்பின் உயரம் இரண்டு அங்குலம் கூடினாலும் அது தெருவே இல்லை, சுவர். எரியாத விளக்கின் கீழ் நடக்கும் பெண் தோள்பையை முன்பக்கம் இழுத்துக்கொள்வதை யாரும் 'உயிரோட்டம்' என்று வருணிக்கக் கூடாது. நெரிசலைக் காட்டும் படங்களிலும் தந்திரம் உண்டு. நீளமான டெலிஃபோட்டோ லென்ஸில் எடுத்தால் இருபதடி தள்ளித் தள்ளி நடப்பவர்கள்கூட ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டதுபோல் தெரிவார்கள். அழுக்கான படம் என்பதாலேயே அது நிஜம் ஆகிவிடாது.

அப்படியானால் எதை நம்புவது? கட்டடத்தின் உயரம், அளவு, நிழல் எங்கே விழும் என்பதற்குக் கணினிப் படம் போதும், அதுவும் பல நேரங்களுக்குப் போட்டுக் காட்டச் சொன்னால். தெருவின் அகலம், கடைகளின் வரிசை தெரிய வேண்டும் என்றால் கூகுளின் தெருக்காட்சி நல்லது. ஆனால் அது வண்டியின் உச்சியிலிருந்து பகல் வெளிச்சத்தில் எடுத்தது, அங்கே இரவே கிடையாது. அங்கே குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் மூன்று வெவ்வேறு நேரங்களில் நேரில் போவதற்கு ஈடு இல்லை, அதில் ஒன்று குப்பை வண்டி வரும் நேரமாக இருக்கட்டும். ஓவியங்களில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் நான் சியனாவின் பக்கம்.

அந்தத் தகர வேலி விழாமலிருக்க அதன் அடியில் நீளமாகக் கான்கிரீட் கட்டை போட்டிருப்பார்கள். மேலே படத்தில் அழகான பெஞ்சுகள் வரிசையாக இருக்கும். மத்தியானத்தில் போனால், வேலையாட்களும் பஸ்ஸுக்கு நிற்பவர்களும் அந்தக் கட்டையில் உட்கார்ந்திருப்பார்கள், முதுகைப் படத்தில் சாய்த்தபடி.