பூங்காவில் இயக்க ஐகாம் ஐசி-705

மின்கலத்தோடு ஏறத்தாழ 1.1 கிலோ எடையுள்ள இந்த அமெச்சூர் வானொலிக் கருவியை (பொழுதுபோக்காகப் பிற நிலையங்களுடன் தொடர்பு கொள்ள உதவுவது)த் தோள்பையில் வைத்துப் பூங்காவுக்கு எடுத்துச் செல்வது எளிது. உடன் வரும் மின்கலத்தில் 5 வாட் அனுப்புதிறன் கிடைக்கும், வெளியிலிருந்து 13.8 வோல்ட் கொடுத்தால் 10 வாட் வரும். இவ்வளவு குறைந்த திறனில் பேச்சைவிட மோர்ஸ் குறிகளே தெளிவாக எட்டும் என்பதால், நான் பெரும்பாலும் மோர்ஸ் அனுப்பும் சாவியைத்தான் தட்டுகிறேன். 4.3 அங்குலத் தொடுதிரையில் அலைவரிசை அருவிபோல் வழிந்தோட, அதில் மெல்லிய கோடாகத் தெரியும் நிலையத்தைக் கண்ணால் கண்டு, பிறகு காதால் கேட்பது எனக்கு இன்றும் அலுக்காத மகிழ்ச்சி.

வாங்குவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: ஆன்டெனாவைக் கருவிக்கு இசைவாகப் பொருத்தித் தரும் ஆன்டெனா டியூனர் உள்ளே கிடையாது. ஆகவே 14 மெகாஹெர்ட்ஸுக்கு அளந்து வெட்டிய, ஏறத்தாழ 10 மீட்டர் நீள அரை அலை ஆன்டெனாக் கம்பியை, அதன் மின்மறுப்பைக் கருவிக்கு ஏற்றபடி குறைக்கும் 49க்கு 1 மின்மாற்றியோடு இணைத்து மரக்கிளையில் ஏற்றிவிடுகிறேன்; அந்த அலைவரிசைக்கு டியூனரே தேவைப்படுவதில்லை.