முடக்கும் மருந்தா, மரபணு நீக்கமா? ஒரு நினைவுப் புரதத்தின் வழக்கு

மூளையில் ஒரு புரதத்துக்கு என்ன வேலை என்று அறிய இரண்டு பெரிய வழிகள் உண்டு. மருந்து கொடுத்து அந்தப் புரதத்தை முடக்கிப் பார்க்கலாம். அல்லது அதை உண்டாக்கும் மரபணுவையே நீக்கிவிட்டு, அது இல்லாமல் விலங்கு எப்படி இருக்கிறது என்று கவனிக்கலாம். இரண்டிலும் ஒரே விடை வந்தாக வேண்டும். பிகேஎம் ஜீட்டா என்ற நொதியின் விஷயத்தில் அப்படி வரவில்லை. இந்த இரண்டு வழிகளையும் எடைபோட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

முதலில் மருந்து. நியூயார்க்கின் புரூக்ளினில் நரம்பியலாளர் டாட் சாக்டரின் குழு, பிகேஎம் ஜீட்டாவை முடக்குவதற்காக ஜிப் என்ற சிறிய பெப்டைடை, அதாவது குட்டிப் புரதத் துண்டைப் பயன்படுத்தியது. சுழலும் தட்டில் ஒரு பகுதிக்குப் போனால் காலில் லேசான மின்னதிர்ச்சி. எலி அதைக் கற்றுக்கொண்டு ஒதுங்கிப் போகும். பிறகு அதன் மூளையில் நினைவுக்கு முக்கியமான பகுதியான ஹிப்போகாம்பஸுக்குள் ஜிப்பைச் செலுத்தினார்கள். ஒரு மாதப் பழைய நினைவுகூட அழிந்துபோனது. 2006இல் இது வெளிவந்தபோது, நினைவைக் காத்து வைக்கும் மூலக்கூறே கிடைத்துவிட்டது என்று பலர் நம்பினார்கள்.

மருந்தின் பலம் இதில் தெளிவாகத் தெரிகிறது. விலங்கு இயல்பாக வளர்ந்து, இயல்பாகக் கற்றுக்கொண்ட பிறகு, நாம் நினைத்த நாளில், நினைத்த இடத்தில் தலையிட முடிகிறது. கற்பதையும் நினைவில் வைத்திருப்பதையும் தனித்தனியாகச் சோதிக்கவும் முடிகிறது. பலவீனம் ஒன்றே, ஆனால் பெரியது: மருந்து வேறு எதைத் தொட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பிகேஎம் ஜீட்டா கைனேஸ் என்ற நொதிக் குடும்பத்தைச் சேர்ந்தது; கைனேஸ்கள் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுகள். ஒன்றின் பூட்டுக்குச் செய்த சாவி பக்கத்து வீட்டையும் திறந்துவிடும்.

2013இல் நேச்சர் இதழில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வந்தன. ஒன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ரிச்சர்ட் ஹுகானிர் குழுவுடையது. இன்னொன்று கலிபோர்னியாவில் ராபர்ட் மெஸ்ஸிங் குழுவுடையது. இரண்டு குழுக்களும் பிகேஎம் ஜீட்டாவே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கியிருந்தன. அவை நன்றாகக் கற்றன, நினைவிலும் வைத்திருந்தன. அதைவிடச் சங்கடமான விஷயம், இலக்கே இல்லாத அந்தச் சுண்டெலிகளிலும் ஜிப் தன் வேலையைக் காட்டியது. அப்படியானால் அது எதைத் தடுக்கிறது?

மரபணு நீக்கத்தின் பலம் அதன் துல்லியம். அந்தப் புரதம் இல்லை என்றால் இல்லைதான். அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் கருவிலிருந்தே ஒரு புரதம் இல்லாமல் வளரும் மூளை கைகட்டி நிற்காது. வீட்டில் மூத்தவர் இல்லையென்றால் அடுத்தவர் பொறுப்பை ஏற்பதுபோல, இன்னொரு புரதம் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். சாக்டர் குழு 2016இல் காட்டியது இதைத்தான். பிகேஎம் ஜீட்டா இல்லாத சுண்டெலிகளில் அதன் உறவுக்காரரான பிகேசி அயோட்டா அந்த இடத்தை நிரப்பியிருந்தது. ஜிப் அதையும் தடுக்கும் என்பதால், 2013இன் புதிருக்கும் ஒரு விளக்கம் கிடைத்தது.

இங்கே ஹுகானிர் குழுவுக்கு நியாயம் செய்ய வேண்டும். அவர்கள் வளர்ந்த சுண்டெலிகளிலும் மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். அப்போதும் நினைவுக்கு அடிப்படை என்று கருதப்படும், நரம்பிணைப்புகள் வலுப்படும் செயல் கெடவில்லை. ஆனாலும் என்னை அதிகம் நம்ப வைப்பது சாக்டர் குழுவின் ஆன்டிசென்ஸ் சோதனை. ஆன்டிசென்ஸ் என்பது மரபணுவின் செய்தியோடு ஒட்டிக்கொண்டு புரதம் உருவாவதைத் தடுக்கும் சிறு மரபுத் துணுக்கு. அதைக்கொண்டு இயல்பான சுண்டெலியில் அந்தப் புரதம் புதிதாக உருவாவதை மட்டும் தடுத்தார்கள். நீண்டகால நினைவு பாதிக்கப்பட்டது. மரபணு நீக்கிய சுண்டெலியில் அதே ஆன்டிசென்ஸ் எந்தப் பாதிப்பையும் உண்டாக்கவில்லை. மருந்தின் வேகமும் மரபணுவின் துல்லியமும் ஒரே சோதனையில் சேர்ந்தன.

சரி, புரதத்தை முடக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க முடியாதா? முடியும். வெஸ்டர்ன் பிளாட் என்ற ஆய்வக முறையில் திசுவை அரைத்துப் புரதத்தின் அளவைக் காணலாம். அது ஒரு நொடியின் புகைப்படம் மாதிரி. ஒளியால் புரதத்தின் செயலைக் காட்டும் ஃப்ரெட் உணரிகளோ, உயிருள்ள நியூரானின் கிளையில் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைப் புடைப்புக்குள் நடப்பதைக் காட்டும். கேம்-கைனேஸ் 2 என்ற இன்னொரு கைனேஸ் அங்கே ஓரிரு நிமிடங்களுக்குள் கிளர்ந்து அடங்கிவிடும் என்பது 2009இல் அப்படித்தான் தெரிந்தது. அரைத்த திசுவில் அந்த ஓட்டம் கிடைக்காது. பிகேஎம் ஜீட்டாவுக்குக் கட்டுப்படுத்தும் பகுதியே கிடையாது, அது எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். அதனால் எவ்வளவு இருக்கிறது என்பதே முக்கியச் செய்தி, அதற்குப் பழைய வெஸ்டர்ன் பிளாட் நன்றாகவே உதவும். ஆனால் பார்ப்பதால் மட்டும் எது காரணம் என்று நிரூபிக்க முடியாது.

2024இல் சாக்டர் குழு மூன்றாவது வழி ஒன்றில் போனது. நொதியை நீக்கவும் இல்லை, அதன் வேலையை நேரடியாகத் தடுக்கவும் இல்லை. கிப்ரா என்ற இன்னொரு புரதத்துடன் அது சேரும் பிடியை மட்டும் ஒரு மருந்தால் அவிழ்த்தார்கள். இயல்பான சுண்டெலிகளில் ஒரு மாத நினைவு குலைந்தது. பிகேஎம் ஜீட்டா இல்லாத சுண்டெலிகளுக்கும் அதே மருந்தைக் கொடுத்தார்கள். இந்த முறை அவற்றின் நினைவு அப்படியே இருந்தது.