ஏஜென்சியா, கம்பனியா, லொறி முதலாளியா: வண்டி நிற்கும் நேரத்துக்குக் காசு தருவது யார்?

கனரக வாகன அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த கையோடு கொட்டாஞ்சேனைத் தம்பிமார் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, நாளுக்கு எவ்வளவு கிடைக்கும்?" கொள்கலன் இழுக்கும் லொறியான பிரைம் மூவரில் ஏறிய புதிதில் நானும் அதையேதான் கேட்டுத் திரிந்தேன். இந்த 16 ஆண்டுகளில் லொறி முதலாளியிடம் நடைக் கணக்கிலும் (ஒரு பயணத்துக்கு இவ்வளவு என்று), சாரதிகளை அனுப்பிவைக்கும் ஏஜென்சி ஊடாக நாள் கணக்கிலும், இப்போது ஒரு கம்பனியில் மாதச் சம்பளத்திலும் ஓட்டிவிட்டேன். இன்று யாராவது கேட்டால், நாள் கூலியைப் பிறகு பேசலாம், வண்டி நிற்கும் நேரத்துக்குக் காசு தருவது யார் என்று முதலில் விசாரி என்றுதான் சொல்கிறேன்.

கொழும்பில் கொள்கலன் லொறி ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம் அதிகம். துறைமுகத்திலிருந்து பியகம வர்த்தக வலயத்துக்குத் தூரம் பெரிதில்லை. ஆனால் இங்குருகடைச் சந்தியில் வரிசை, துறைமுக வாசலுக்கான அனுமதிச் சீட்டு (கேட் பாஸ்) வரும்வரை காத்திருப்பு, சுங்கப் பரிசோதனை விழுந்தால் முற்றத்தில் இன்னொரு காத்திருப்பு, தொழிற்சாலையில் சரக்கு இறக்கும்வரை இன்னொன்று, கடைசியில் வெற்றுக் கொள்கலனைத் திருப்பிக் கொடுக்க மீண்டும் வரிசை. 2025 ஜனவரியில் துறைமுகத்தில் கொள்கலன்கள் தேங்கிக் கிடந்தபோது ஒரே பெட்டிக்காக இரவையும் பகலையும் வண்டிக்குள்ளேயே கழித்தவர்கள் எத்தனையோ பேர்.

இந்தக் காத்திருப்பு முழுவதும் சாரதியின் தலையில் விழுவது லொறி முதலாளியிடம் ஓட்டும்போதுதான். நடைக்கு இவ்வளவு என்று பேச்சு. நடை முடிந்தால்தான் காசு. டிசம்பரிலும், ஏப்ரல் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களிலும் இதைப்போல் உழைப்பு வேறெங்கும் வராது. அந்த நாட்களில் மாதச் சம்பளக்காரர்களைப் பார்த்து நான் பரிதாபப்பட்டதுண்டு. நல்ல முதலாளி என்றால் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு முற்பணமும் தருவார். அந்த மனிதத்தன்மையை எந்த ஏஜென்சியிலும் நான் காணவில்லை. ஆனால் 2022 வந்தது. டீசலுக்காகப் பேலியகொடைப் பக்கம் மூன்று நாள் வரிசையில் படுத்திருந்தேன். கொசுக்கடி, வீதியோரத்துச் சாப்பாடு, வீட்டிலிருந்து தொலைபேசி அழைப்புகள். மூன்று நாளும் வண்டியைக் காத்தது நான். நடை இல்லாததால் எனக்கு ஒரு ரூபாவும் இல்லை. அந்த மாதம் மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. முதலாளியைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அவருக்கும் வருமானம் இல்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் நட்டத்தின் முதற்பங்கு சாரதிக்குத்தான் என்பது அன்று விளங்கியது.

அதன்பின் ஏஜென்சிக்குப் போனேன். கூப்பிட்ட நாளில் வண்டி ஓடினாலும் நின்றாலும் நாள் கூலி உண்டு. வரிசையில் நிற்கும்போது மனம் பதறாது. இது பெரிய நிம்மதி. ஆனால் கூப்பிடாத நாளில் எதுவும் இல்லை. இங்கே காத்திருப்பு வீதியிலிருந்து வீட்டுக்கு இடம் மாறிவிடுகிறது, அவ்வளவுதான். காலை நான்கு மணிக்கே குளித்துத் தயாராகி அழைப்புக்காக உட்கார்ந்திருந்த நாட்களை எண்ணினால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. புத்தாண்டு முடிந்த இரண்டு வாரமும் தொலைபேசி மணியே அடிக்காது.

துறைமுகம் வளர்கிறது, ஆகவே வேலை கொட்டும் என்று ஏஜென்சிக்காரர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். 2025 ஏப்ரலில் கொழும்புத் துறைமுகத்தின் மேற்குக் கொள்கலன் முனையமும் இயங்கத் தொடங்கியது உண்மை. ஆனால் கொழும்பில் இறங்கும் கொள்கலன்களில் பெரும்பகுதி இங்கேயே இன்னொரு கப்பலில் ஏறி வேறு நாட்டுக்குப் போய்விடும். அவை துறைமுக வாசலைத் தாண்டுவதே இல்லை. நமக்கு வேலை தருவது நாட்டின் இறக்குமதியும், ஆடைத் தொழிற்சாலைகளும், தேயிலையும்தான். கடலில் கப்பல் கூடியது என்பதற்காக வீதியில் நடை கூடிவிடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் தொகைகளை வைத்து நீங்களே போடலாம். கம்பனி 60,000 ரூபா மாதச் சம்பளம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் தொழில்தருநர் தன் பங்காக ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம் கட்ட வேண்டும்: 7,200. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம்: 1,800. ஐந்து ஆண்டு முடித்தால், 15 பேருக்குக் குறையாத இடமென்றால், ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. மாதத்துக்குப் பிரித்தால் 2,500. ஆக மொத்தம் 71,500. ஏஜென்சி நாளுக்கு 3,500 தந்து நிதி எதுவும் கட்டாவிட்டால், இதை எட்ட மாதம் 21 நாள் அழைப்பு வர வேண்டும். இரண்டு நிதிகளையும் முழுத் தொகைக்குக் கட்டினால் 18 நாள் போதும். நான் ஏஜென்சியில் இருந்த காலத்தில் 21 நாளைத் தொட்ட மாதங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

நாள் கூலிக்காரனுக்குச் சேமலாப நிதி கிடையாது என்று சொல்லும் ஏஜென்சியை நம்பாதீர்கள். தற்காலிக ஊழியருக்கும் முதல் நாளிலிருந்தே அந்த உரிமை உண்டு. எனக்கு அப்படிச் சொல்லித்தான் 14 மாதம் கட்டாமல் விட்டார்கள். விபத்தென்றாலும் சிக்கல்தான்: வண்டி ஓரிடத்துக்குச் சொந்தம், சம்பளம் இன்னோரிடத்தில். பக்கக் கண்ணாடி உடைந்ததற்கு என் கூலியில் வெட்டிய பிறகும், யார் வெட்டச் சொன்னது என்று கேட்க ஆள் கிடைக்கவில்லை.

கம்பனியில் நாள் வருமானம் குறைவாகத் தோன்றும். ஆனால் வரிசையில் நின்றாலும், நடை இல்லாமல் யார்டில் இருந்தாலும் சம்பளம் நடக்கிறது. அங்கும் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அடிப்படைச் சம்பளத்தைச் சட்டக் குறைந்தபட்சத்தை ஒட்டி, அதாவது 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவை ஒட்டி, வைத்துவிட்டு மீதியை ஊக்கத்தொகை, மேலதிக நேரம் என்று பிரித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மேலதிக நேரப் பணம் சேமலாப நிதிக் கணக்கில் சேராது. கைக்கு வரும் தொகை ஒன்றாக இருந்தாலும், ஓய்வு பெறும்போது வித்தியாசம் இலட்சக்கணக்கில் தெரியும்.

தாமதமானால் இறக்குமதியாளரிடம் காத்திருப்புக் கட்டணம் வசூலிப்பது இந்தத் தொழிலில் வழக்கம். அந்த நேரம் முழுவதும் வண்டிக்குள் இருந்தவனுக்கு அதில் பங்கு உண்டா என்று நேர்முகத் தேர்விலேயே கேளுங்கள். நான் இப்போது இருக்கும் இடத்தில் கேட்டுத்தான் வாங்கினேன்.

குடும்பம் உள்ளவருக்குக் கம்பனிதான் என்பது என் முடிவு. புதிதாக அனுமதிப்பத்திரம் எடுத்தவரைக் கம்பனிகள் எளிதில் எடுப்பதில்லை. அவருக்கு ஏஜென்சி ஓர் ஆண்டு அனுபவத்துக்கு உதவும். லொறி முதலாளியிடம் போவதென்றால் திரும்பி வரும்போதும் சுமை பிடிக்கத் தெரிந்தவராகப் பாருங்கள்.

என் அக்காவின் மகன் போன வாரம் ஏஜென்சியில் சேர்ந்தான். மாதம் 20 நாளுக்குக் குறையாத வேலை என்று நியமனக் கடிதத்தில் எழுதித் தந்தால்தான் கையெழுத்து என்று நின்றிருக்கிறான். இரண்டு நாள் இழுத்தடித்து, 18 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தை இம்மாத முடிவுக்குள் வாங்கிக் காட்டுவதாக என்னிடம் சொல்லியிருக்கிறான்.